இத்தா அறையில் மீன்தொட்டி

என் கணவர் மௌத்தான அன்று ஜனாஸாவை, அவர் உடலை, கிடத்த, முன் ஹோலில் இடம் வேண்டியிருந்தது. கதிரைகளை முற்றத்தில் போட்டார்கள். சோபாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மிஞ்சியது மீன்தொட்டி. நாலைந்து ஆண்கள் சேர்ந்து பாதித் தண்ணீரை வாளிகளில் அள்ளி, மீன்களையும் அதே வாளிகளில் விட்டு, தொட்டியை மேசையோடு தூக்கி வந்து என் அறையில் ஜன்னலடியில் வைத்துவிட்டுப் போனார்கள். அந்த நேரம் நான் அதைக் கவனிக்கவேயில்லை.

ஜனாஸா எடுத்த பிறகு கதிரைகள் திரும்பி வந்தன. சோபாவும் வந்தது. தொட்டி மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. யாரோ ஒரு பெண் பிள்ளை மீன்கள் பாவம் என்று மறுபடி தண்ணீர் நிரப்பிவிட்டிருந்தாள். நிரம்பிய தொட்டியை அசைக்கப் பெண்கள் இரண்டு பேரால் ஆகாது. அசைக்கக்கூடிய ஆண்கள் இனி அந்த அறைக்குள் வர முடியாது. நான் இத்தாவில் உட்கார்ந்துவிட்டேன். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. அதற்கென்று உடுத்திய வெள்ளைச் சீலையோடு எனக்குத் துணைக்குக் கிடைத்தது ஒரு மீன்தொட்டி.

மனிதத் துணை என்று என் கணவரின் ராத்தா, அவரின் மூத்த சகோதரி, வந்திருந்தா. நான் அவவை மதினி என்று கூப்பிடுவேன். கரைத்தீவில் இருக்கிறா. அவவும் புருஷன் இல்லாதவ. பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு ஒரு பையில் உடுப்பும் குர்ஆனும் கொண்டு குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினா. வந்ததும் முதல் வேலையாக என் அறை ஜன்னலுக்கு ஒரு தடித்த சீலையைத் தொங்கவிட்டா.

"ஒரு சாண் திறந்து வச்சுக்க புள்ள. காத்து வரட்டும். அதுக்கு மேல வேணாம். தோட்டத்துல ஆம்பளைங்க வேல செய்றாங்க."

"அவங்க அங்க தூரத்துல தானே மதினி."

"தூரமோ கிட்டவோ, கண்ணுக்குத் தெரியும்."

அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு சாண் இடைவெளியில் எனக்குத் தெரிந்த உலகம் இவ்வளவுதான்: எங்கள் வெங்காயத் தோட்டத்தில் நாலு பாத்தி, தண்ணீர் பீச்சும் குழாய் ஒன்று, வேலியில் பூவரசு, அதற்கு மேலே தூரத்துக் காற்றாலையின் ஒரு இறக்கை வந்து வந்து போவது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற காலம். மணல் வந்து ஜன்னல் கட்டையில் குவியும். நான் அதை விரலால் கூட்டிக் கூட்டித் தள்ளுவேன். பிறகு மறுபடி குவியும்.

பகலெல்லாம் பெண்கள் வருவார்கள். சீனி, பிஸ்கட், தேயிலை கொண்டு வருவார்கள். எப்படி நடந்தது என்று கேட்பார்கள். நானும் சொல்வேன். விடியல் சுபஹு தொழுதுவிட்டுத் தோட்டத்துக்குப் போனவர், மோட்டரைப் போட்டவர், வரப்பில் குந்தினவர் எழும்பவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே எல்லாம் முடிந்திருந்தது. திரும்பத் திரும்பச் சொல்லி அது பாடமாகவே ஆகிவிட்டது. எந்த இடத்தில் அவர்கள் "இன்னாலில்லாஹ்" சொல்வார்கள் என்றும் எனக்குத் தெரிந்துபோயிற்று.

அவர்கள் போன பிறகு மீன்களைப் பார்ப்பேன். தங்கமீன்கள், செம்மஞ்சள் நிறத்தில் கொழுத்தவை. ஒன்று மட்டும் கறுப்பு. அவர் இருந்தபோது நான் அந்தத் தொட்டிப் பக்கம் போனதே இல்லை. அது அவருடைய விளையாட்டு. தோட்டத்தால் வந்து, கால் கழுவி, பால் விடாத பிளேன்ரீயைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் முன்னால்தான் உட்காருவார். இப்போது அவற்றுக்குத் தீன் போடுவது என் வேலை ஆயிற்று. வேறு வேலை இல்லாததால் கொஞ்சம் கூடுதலாகவே போட்டேன். காலையில் போட்டேன், பெண்கள் வந்து போனபின் போட்டேன், பின்னேரம் அஸர் தொழுதபின் போட்டேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் என் விரல் போனாலே ஓடி வரும். என்னைக் கண்டு ஓடி வந்த உயிர் அந்த வீட்டில் அவை மட்டும்தான்.

பிறகு பாசி வந்தது.

முதலில் கண்ணாடியில் ஒரு மெல்லிய பச்சை. நான் பழைய போன் ரீலோட் அட்டையால் சுரண்டினேன். அழகாக உரிந்து வந்தது. எனக்கு அதில் ஒரு சந்தோசம்கூட இருந்தது. மறுநாள் பார்த்தால் மறுபடி பச்சை. பிறகு கல்லில் பிடித்தது, காற்றுக் குழாயில் நூல் நூலாகத் தொங்கியது. கடைசியில் தண்ணீரே பச்சையாகிவிட்டது. கீரையை அவித்து வடித்த தண்ணீர் மாதிரி. மீன்கள் கண்ணாடியோடு ஒட்டி வந்தால்தான் தெரியும். ஒரு செம்மஞ்சள் வால், ஒரு கண், பிறகு ஒன்றுமில்லை.

அந்த ஜன்னல் மேற்குப் பார்த்த ஜன்னல். பின்னேரம் வெயில் அந்த ஒரு சாண் இடைவெளியால் நேரே தொட்டியில்தான் விழும். முன் ஹோலில் இருட்டு மூலையில் இருந்த தொட்டி அது. என்ன செய்வது? சீலையை இழுத்து மூடினால் பாசிக்கு வெயில் இல்லை, எனக்கும் ஒன்றுமில்லை. சீலையைத் திறந்தால் எனக்கு நாலு பாத்தி கிடைக்கும், மீனுக்குப் பச்சைத் தண்ணீர். நான் திறந்தே வைத்தேன்.

தண்ணீர் மாற்றத் தொடங்கினேன். கிணற்றுத் தண்ணீர் எங்களுக்குக் குழாயில் வரும். குளியலறையில் வாளியை நிரப்பி, அறைக்குள் தூக்கி வந்து, பழையதை அள்ளி, புதியதை ஊற்றுவேன். இடுப்பு முறிந்துபோகும். ஊற்றின அன்று தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். இரண்டு மூன்று நாளில் முன்னையைவிடக் கடும் பச்சை. நான் எவ்வளவு மாற்றினேனோ அவ்வளவு பச்சை.

மதினிக்குத் தொட்டியே பிடிக்கவில்லை. "மௌத்தான வீட்டுல மீன் என்னத்துக்கு? யாரும் கேட்டா குடுத்திரு. நாத்தம் வேற."

"குடுக்க மாட்டேன்."

"ஏன்?"

ஏன் என்று எனக்கே தெரியவில்லை. "அவர் வளர்த்தது" என்று சொன்னேன்.

கொழும்பில் கட்டிக்கொடுத்திருக்கும் என் மகள் தினமும் போன் எடுப்பாள். அவளிடம் சொன்னேன். அவள் புத்தளம் டவுனில் மீன் விற்கும் ஒரு கடைக்குப் பேசி, ஒரு மருந்துப் போத்தலை பஸ்ஸில் அனுப்ப வைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண் சந்தியில் நின்று வாங்கி வந்து தந்தாள். நீல மருந்து. போத்தலில் சொல்லியிருந்தபடி மூடியால் அளந்து விட்டேன். இரண்டு நாளில் பச்சை போயிற்று. தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளிறிப்போயிற்று. செத்த பாசியெல்லாம் அடியில் சேறாகப் படிந்தது. அந்தச் சேறு அழுக அழுக மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து காற்றைக் குடித்தன. மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தேன், கறுப்பு மீன் பக்கவாட்டில் மிதந்தது. அஸருக்கு இன்னும் இரண்டு.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. இவ்வளவு நாளும் எங்கே இருந்ததோ தெரியாத கோபம்.

"வச்சிட்டுப் போயிட்டீங்க!" என்று தொட்டியைப் பார்த்துக் கத்தினேன். "தோட்டத்த வச்சிட்டுப் போனீங்க, இத வச்சிட்டுப் போனீங்க, என்னயும் இந்த அறைக்குள்ள வச்சிட்டுப் போயிட்டீங்க. நான் என்னத்தச் செய்வன்? வெளிய போய் ஒரு வாளி நல்ல தண்ணி எடுக்கக்கூட எனக்கு வழியில்ல!"

மதினி கதவடியில் வந்து நின்றா. திட்டப்போகிறா என்று நினைத்தேன். அவ உள்ளே வந்து, செத்த மீன்களைக் கையாலேயே எடுத்து ஒரு பேப்பரில் வைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்தா.

"உனக்கு ஜன்னல் இருக்கு புள்ள" என்றா. "நான் இத்தா இருந்தது ஓலைக் கொட்டில்ல. தொண்ணூறுல வடக்கால முஸ்லிம்கள எல்லாம் துரத்திவிட்டு, நாங்க இங்க வந்து கொஞ்ச காலம்தான். ஒரே கொட்டிலுக்குள்ள மூணு குடும்பம். நடுவுல ஒரு சீலையத் தொங்கப் போட்டு, அதுக்கு அங்கால என்னய வச்சாங்க. நிமிந்து நிக்கேலாது. அந்தச் சீலையில பூப் போட்டிருந்துச்சு. இன்னைக்கும் அந்தப் பூவக் கீறச் சொன்னா கீறுவன்."

அவ அப்படிக் கதைத்து நான் அதுவரை கேட்டதில்லை. என் கணவரும் சொன்னதில்லை. அவர் அப்போது சின்னப் பொடியன். நான் எழும்பிப் போய் அவவுக்குப் பிளேன்ரீ ஊற்றிக் கொண்டு வந்தேன். மீனை அவ கொண்டுபோய்ப் பூவரசடியில் புதைத்தா, காகத்துக்குப் போடவில்லை.

அடுத்த தடவை மகள் வேறு ஒன்று சொன்னாள். "உம்மா, நான் தேடிப் பார்த்தன். தொட்டிய முழுசா மூடி வைங்க. நாலு நாளைக்கு வெளிச்சமே படக்கூடாது. தீனும் போட வேணாம். நீங்க போடுற தீனும் பாசிக்குச் சாப்பாடுதான்."

"பட்டினி கிடக்குமே?"

"தங்கமீன் தாங்கும் உம்மா."

மதினியும் நானும் இரண்டு தடித்த படுக்கை விரிப்புகளால் தொட்டியைச் சுற்றிக் கட்டினோம். காற்று மோட்டர் மட்டும் உள்ளே குமிழி விடுகிற சத்தம் கேட்கும். நான் தொழும்போதும் ஓதும்போதும் அந்த மூட்டை என் பக்கத்தில் இருந்தது. உள்ளே இருப்பவற்றுக்குப் பகலா இரவா என்று தெரியாது, ஏன் மூடினார்கள் என்றும் தெரியாது. இரண்டாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன். இருட்டில் ஒரு மீன் அசையாமல் நின்றது. உடனே மூடினேன்.

விரிப்பை அவிழ்த்தபோது பச்சை இல்லை. மிச்ச மீன்கள் உயிரோடு இருந்தன. மதினி "மாஷா அல்லாஹ்" என்றா. மகள் சொன்னபடியே அழுக்கை உறிஞ்சி எடுத்து, புதுத் தண்ணீர் விட்டேன். தீனை ஒரு நேரமாகக் குறைத்தேன். பின்னேர வெயிலுக்குத் தொட்டியின் பின்பக்கம் ஒரு அட்டையையும் சொருகினேன். இனி எல்லாம் சரி என்றுதான் நினைத்தேன். ஒரு கிழமை போகவில்லை, மறுபடி பச்சை. நான் கட்டிலில் படுத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அன்று வந்த பெண்களிடம் மதினிதான் எல்லாக் கதையையும் சொன்னா.

பாசி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்தது தற்செயலாகத்தான். ஜன்னல் கட்டையில் நான் இரண்டு போத்தல் வைத்திருந்தேன். ஒன்றில் குடிக்கிற தண்ணீர். எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. பள்ளியடியில் வடிகட்டித் தருகிற தண்ணீரைக் கேனில் எடுத்து வருவோம். மற்றப் போத்தலில் கிணற்றுத் தண்ணீர் விட்டு ஒரு மணிபிளான்ட் கொடி போட்டிருந்தேன். குடிக்கிற போத்தலை அன்று சுவர்ப் பக்கம் படுத்திருந்ததில் மறந்து, சில நாள் அப்படியே விட்டுவிட்டேன். எழும்பிப் பார்த்தால், ஒரே வெயிலில் நின்ற இரண்டு போத்தலில் ஒன்று தெளிவாக இருக்கிறது. கொடி நின்றதில் தண்ணீர் பச்சைப் பசேலென்று இருக்கிறது.

போத்தல்களைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

"மதினி, இது தண்ணியில இருக்கு. நம்மட கிணத்துத் தண்ணியில."

அவ இரண்டையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. "தம்பி மூட்டை மூட்டையா உரம் போடுவான். அதெல்லாம் எங்க போகும்? இது மணல் நிலம். ஊத்தின உடன இறங்கிரும். பாத்திக்குப் பக்கத்துலதான் கிணறு. பாசிக்கும் அது உரம்தானே."

அப்போதுதான் நினைவு வந்தது. அவர் கேன் தண்ணீர் எடுத்து வரும்போது எப்போதும் ஒரு கேன் கூடுதலாக வரும். பைக்கில் கட்டி, அந்த மணல் பாதையில் தள்ளாடித் தள்ளாடி வருவார். மனிதர் குடிக்கிற தண்ணீரை மீனுக்கு ஊற்றுகிறாரே என்று நான் சிரிப்பேன். "அதுகளும் குடிக்கத்தானே வேணும்" என்பார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. வெங்காயத்துக்குப் போட்ட உரம் எங்கே போய் நிற்கிறது என்று தெரிந்துகொண்டே போட்டிருக்கிறார். போடாவிட்டால் வெங்காயம் வராது. எனக்கு அவர் மீது கோபப்படவும் முடியவில்லை, இரங்கவும் முடியவில்லை. இரண்டு போத்தலையும் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன்.

கேன் தண்ணீரைப் பக்கத்து வீட்டுப் பெண்தான் எங்களுக்கும் சேர்த்து எடுத்து வந்தாள். குடிக்கிற அளவுக்குத்தான் அவளால் ஆகும். தொட்டிக்கும் எடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்போதுதான் மாரி பிடித்தது.

முதல் மழை ஓட்டுத் தூசியைக் கழுவிக்கொண்டு போகட்டும் என்று விட்டோம். இரண்டாவது மழை ஒரு பின்னேரம் வந்தது. மதினி சட்டி, அண்டா, குழந்தை குளிப்பாட்டுகிற பேசின் எல்லாவற்றையும் தாழ்வாரத்தின் கீழ் வைத்தா. நிரம்பியதை உள்ளே தூக்க வேண்டும், அடுத்ததை வைக்க வேண்டும். அவவுக்கு முழங்கால் வருத்தம். பின்கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்டாவைத் தூக்கப் போனவ ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே நின்றுவிட்டா.

நான் படியை விட்டு இறங்கினேன்.

"வராத! வெளிய வராத!" என்று கத்தினா.

"மதினி, இது வெளிய இல்ல. இது என்ட வாப்பா எனக்குத் தந்த வீட்டு முற்றம். சுத்தி வேலி. இந்த மழைக்குள்ள தோட்டத்துல ஒரு காகமும் இல்ல."

அண்டாவின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன். அவ மற்றப் பக்கத்தை விடவில்லை. இரண்டு பேருமாகத் தூக்கி உள்ளே வைத்தோம். நான் திரும்பிப் போய் அடுத்ததை எடுத்தேன். என் வெள்ளைச் சீலை நனைந்து காலோடு ஒட்டியது. மாதக்கணக்கில் என் மேல் மழை மட்டுமல்ல, நேரடியாக ஒரு துளி வெயில்கூடப் பட்டதில்லை. மணல் ஈரமாக, குளிர்ந்து, என் பாதத்தின் கீழ் அமிழ்ந்தது. இன்னும் கொஞ்சம் நேரம் நின்றேன். தூக்க ஒன்றும் இல்லாமலே நின்றேன்.

அதற்குப் பிறகு மதினி என்னோடு கதைக்கவில்லை. சோற்றை வைப்பா, போவா. எங்களுக்கு ஓதித் தர ஒரு மௌலவியா, மார்க்கம் படித்தவ, வருவா, இளவயது, மெதுவாகத்தான் கதைப்பா. அவ வந்ததும் மதினியே கேட்டா.

"இத்தாவில இருக்கிறவ முற்றத்துக்கு இறங்கலாமா? நீங்களே சொல்லுங்க."

மௌலவியா ஆச்சரியமாகப் பார்த்தா. "உங்கட முற்றம் உங்கட வீடுதானே. பர்தா பேணிக்கிட்டா போதும். பகல்ல அவசியத்துக்கு வெளிய போகவே இடமிருக்கு. யாரு வேணாம்னு சொன்னது?"

மதினி முந்தானையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தா. மௌலவியா குர்ஆனைத் திறந்து இடத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, யாரிடமும் கேட்காத மாதிரி மதினி மெதுவாகச் சொன்னா:

"அப்ப எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லல்ல?"

அன்று ஓதி முடிக்கும் வரை அவ தலை நிமிரவில்லை. அஸருக்குப் பிறகு நான் பின்முற்றத்தில் ஒரு கதிரையைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு கதிரையை இழுத்துக்கொண்டு அவவும் வந்தா. இரண்டு பேரும் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தோம்.

மழைத் தண்ணீரையும் கொஞ்சம் கிணற்றுத் தண்ணீரையும் கலந்து, ஒரேயடியாக இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியை மாற்றினேன். பாசி உடனே போகவில்லை. முதலில் தண்ணீர் தெளிந்தது, பிறகு கல் தெரிந்தது, கண்ணாடியில் மட்டும் புள்ளி புள்ளியாக நின்றது. அதைச் சுரண்டினேன். மீன்கள் இப்போது தொட்டியின் அந்தப் பக்கம் நின்றாலும் எனக்குத் தெரிந்தன.

இத்தா முடிந்த அன்று பெண்கள் வந்து துஆ ஓதினார்கள். மதினி இரண்டு நாள் கழித்துக் கரைத்தீவுக்குப் போனா. தொட்டியைப் பழைய மூலைக்குத் தூக்கிவைக்க ஆண்கள் வந்தார்கள். தண்ணீரை இறைக்கும்போது ஒருவர், "இவ்வளவு பாடுபட்டு இத வச்சிருக்கீங்களே" என்றார். நான் சிரித்துவிட்டு வாளியை நீட்டினேன்.

வெளியே போகலாம் என்று ஆன பிறகு எனக்குப் போக இடம் தெரியவில்லை. முதல் கிழமை தோட்டத்து வரப்பு வரைக்கும்தான் போனேன். அவர் குந்தின இடத்தை எனக்குக் காட்டினார்கள். வெறும் மணல். பிறகு தோட்டத்தை என்ன செய்வது என்ற கதை வந்தது. எனக்குப் பயிர் செய்யத் தெரியாது. சும்மா போட்டால் நான் எப்படிச் சீவிப்பது? குத்தகைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் அவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன்.

"உரத்தக் கொஞ்சம் குறைச்சுப் போடேலுமா?"

அவர் என்னை விளங்காமல் பார்த்தார். "குறைச்சா விளையாதே தங்கச்சி."

எனக்கும் அது தெரியும். சரி என்று சொன்னேன்.

இந்தப் போகத்துக்கும் உர மூட்டைகள் வந்து இறங்கிவிட்டன. முன் ஹோலில் இருந்தபடியே அவற்றை அவிழ்க்கிற சத்தம் கேட்கிறது. மாரி முடிந்துவிட்டது. கேன் தண்ணீரை நானே போய் எடுக்கிறேன், ஆட்டோவில் ஒரு கேன் கூடுதலாக. அது போதாத கிழமையில் கிணற்றுத் தண்ணீரைத்தான் கலக்க வேண்டியிருக்கிறது. கலந்தால் மூன்றாம் நாள் கண்ணாடியின் கீழ் மூலையில் பச்சை தொடங்கும். நான் சீலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, கையை முழங்கை வரை உள்ளே விட்டுச் சுரண்டுவேன். மீன்கள் வந்து என் விரலைக் கொத்தும்.